கேரியருக்குச் சொன்ன பதில்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. நாற்பது வயதில் இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமும் கிடையாது. ஆனால் பின்னால் உட்காருவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. பள்ளிக்கூடம் போனது, பெண் பார்க்கப் போனது, பாஸ்போர்ட்டுக்கு அலைந்தது எல்லாம் யாரோ மிதிக்க நான் கேரியரில் உட்கார்ந்து போனதுதான். அதற்கும் சில முறைகள் உண்டு. வண்டி நகர்ந்த பிறகுதான் ஓடிவந்து ஏற வேண்டும். ஓட்டுகிறவன் இடுப்பைக் கட்டிக்கொள்ளக் கூடாது, சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏற்றம் வந்தால் வாயைத் திறக்காமல் குதித்து இறங்கிவிட வேண்டும். என் ஊர் மார்த்தாண்டம் பக்கம். பத்து நிமிடத்துக்கு ஒரு ஏற்றம் வரும். அங்கே ‘இறங்கட்டுமா’ என்று கேட்டு இறங்குகிறவனை அடுத்த தடவை யாரும் ஏற்ற மாட்டார்கள்.

இத்தனை திறமைகளோடு நான் லப்பைக்குடிக்காட்டில் போய் இறங்கியது தொண்ணூற்றெட்டு கோடையில். ஷார்ஜாவில் ஒரு லேபர் கேம்பில் அப்போது சமையல்காரனாக இருந்தேன். இரண்டு மாத லீவு கிடைத்திருந்தது. கிளம்புவதற்கு முதல் நாள், என் அறையில் மேல் கட்டிலில் படுக்கும் லப்பைக்குடிக்காட்டு ஜக்கரியா என்னைக் கிச்சனுக்குப் பின்னால் கூட்டிப்போனான். கட்டடத்தில் கம்பி கட்டுகிற வேலை அவனுக்கு. ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போய், கல்யாணம் பண்ணிக்கொண்டு, நாற்பதாம் நாள் திரும்பி வந்தவன்.

“அண்ணே, அக்ரிமென்ட் முடியப்போவுது. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டா இன்னும் மூணு வருசம். போடலேன்னா கேன்சல். எனக்கு முடியலண்ணே. அத்தாகிட்ட நீங்க கேட்டுச் சொல்லுங்க. வரச் சொன்னா வந்துர்றேன், இருக்கச் சொன்னா இருந்துர்றேன்” என்றான். அத்தா என்றால் அவன் அப்பா.

“நீயே போன்ல கேளேன்டே.”

“போனு எங்கண்ணே இருக்கு? எஸ்டிடி பூத்துல. பெஞ்சுல பத்துப் பேரு உக்காந்துருப்பாங்க. அங்க கேன்சல்னு வாயத் தொறந்தா சாயந்தரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். அத்தாவும் அத்தன பேரு முன்னாடி மனசுல இருக்கறதச் சொல்ல மாட்டாரு.”

கேன்சல் என்பது வளைகுடாவில் இருக்கும் தமிழர்களின் சொல். விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புவதற்கு அந்தப் பெயர். லீவில் வருகிறவனுக்கு ஊரில் நடக்கும் உபசாரமே வேறு. கேன்சலில் வந்தவனை, ‘என்ன ஆச்சு, தொரத்தி வுட்டானா?’ என்று கேட்பார்கள். ஜக்கரியா வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு பூத்துக்குக் கூப்பிடுவதாகவும், நான் எடுத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் ஏற்பாடு. நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு டீக்கடையில் கனி பாய் வீட்டுக்கு வழி கேட்டேன்.

“எந்தக் கனி பாயிங்க?” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். “பினாங்கு கனியா, மஸ்கட் கனியா, கேன்சல் கனியா?”

மகன் ஷார்ஜாவில் இருக்கிறான், பெயர் ஜக்கரியா என்று சொன்னேன்.

“அட, நம்ம கேன்சல் கனி. உக்காருங்க, சொல்லி அனுப்பறேன். நீங்க மலையாளமா?”

“தமிழ்தான்.”

“அப்படியா?” என்று அவர் சந்தேகமாகப் பார்த்தார். மார்த்தாண்டத்துக்காரன் வடக்கே எங்கே போனாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. டீ நன்றாக இருந்தது, சர்க்கரையைத்தான் கொட்டியிருந்தார்.

டீ முடிவதற்குள் கனி பாய் வந்துவிட்டார். அறுபது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கட்டம் போட்ட கைலி, வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. அவரைவிட சைக்கிள் கொஞ்சம் கனம். கேரியரில் சாக்கை நான்காக மடித்துக் கட்டியிருந்தார். பெட்டியை மட்டும் டீக்கடையில் விட்டுவிட்டு, நடந்தே போய்விடலாம் என்றேன்.

“சபர்லேர்ந்து, கடல் கடந்து வந்த மனுசன நடக்க வுடறதா? வண்டி நவுந்ததும் ஓடியாந்து ஏறிக்குங்க தம்பி.”

இந்த ஊரிலும் அதே முறைதான் என்று தெரிந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நான் அப்போது எண்பத்தெட்டு கிலோ. ஆறு வருடம் கேம்ப் சாப்பாட்டை ருசி பார்த்த உடம்பு. நான் தாவி உட்கார்ந்ததும் முன்சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பியது. டீக்கடை பெஞ்சில் இருந்த நான்கு பேரும் எழுந்து நின்றார்கள். கனி பாய் ஹேண்டில்பாரின் மேல் மார்பை வைத்து அழுத்தி சக்கரத்தை மறுபடி தரையில் பதித்தார்.

“பயப்படாதீங்க, நெல்லு மூட்டையே ஏத்திருக்கேன்.”

“நெல்லு மூட்டை அசையாது பாய்” என்றேன்.

பயத்தில் அசையாமல் இருந்ததில் காலைக் கவனிக்கவில்லை. குதிகால் சக்கரக் கம்பிக்குள் போய், ஊருக்கு வருவதற்கென்றே ஷார்ஜாவில் வாங்கிய புதுச் செருப்பின் வார் இரண்டாக அறுந்தது. நல்லவேளை, கால் தப்பியது. அன்று முதல் மூன்று நாளும் நான் கனி பாயின் பழைய ரப்பர் செருப்பில்தான் திரிந்தேன். என் குதிகால் பாதிக்கு மேல் தரையிலேயே இருந்தது.

பேச்சுக் கொடுக்கலாம் என்று, “டீக்கடையில கேன்சல் கனின்னதும் உடனே ஆள் அனுப்பிட்டாங்க பாய்” என்றேன். அது அவர் பார்த்த தொழில் சம்பந்தமான பெயர் என்றுதான் நினைத்தேன், தபால் ஆபீசோ ரயில்வேயோ என்று. பின்னால் உட்காருகிறவன் முதுகோடுதான் பேச வேண்டும். இத்தனை வருடத்தில் எனக்கு முதுகுகள் பழக்கம். அந்த முதுகு வீடு வருகிற வரை பேசவில்லை.

வீட்டில் நெய்ச்சோறும் தாளிச்சாவும். ஆட்டெலும்பு, மாங்காய், கத்தரிக்காய், கடலைப்பருப்பு எல்லாம் போட்டுக் கரைத்த தாளிச்சா. நானூறு பேருக்கு தினமும் சமைக்கிற எனக்கு, நாலு பேருக்குச் சமைத்த சாப்பாட்டைப் பார்த்தாலே கை தானாக நீளும். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மாங்காயை எப்போது போட்டீர்கள் என்று கேட்டேன். ஜக்கரியாவின் அம்மாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. இனிமேல் பாய் என்று கூப்பிட வேண்டாம், எங்கள் பிள்ளை மாதிரி அத்தா என்றே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

கனி பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அந்தப் பெயரைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன்.

“அதுவா? சவூதிக்குப் போனாங்க. எட்டாவது மாசம் பொட்டியத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. என்னாங்க, ஏங்கன்னு கேட்டா, புள்ள ஞாபகமாவே இருந்துச்சுங்கறாங்க. ஜக்கரியாவுக்கு அப்ப ரெண்டு வயசு. அந்த வருசம் தெருவுல அத்தன பேரும் சபர்ல இருக்காங்க, இவுங்க மட்டும் திரும்பி வந்துட்டாங்க. ஊரு பேரு வெச்சிருச்சு. இப்ப கல்யாணப் பத்திரிகைல மட்டுந்தான் முகம்மது கனி.”

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சைக்கிளில் நான் விட்ட வார்த்தை நெஞ்சில் முள் மாதிரி குத்தியது. ஜக்கரியா இதை என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அன்று முழுக்க ஊருக்குள் பார்சல் கொடுக்கிற வேலை. கேம்பில் இருக்கும் ஐந்து பேர் தைலம், சோப்பு, துணி என்று ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு சைக்கிள், வீட்டுக்கு வீடு கலர். சோடாக் கடையிலிருந்து வாங்கி வந்து, மூடியைத் திறந்து கையில் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஆரஞ்சு, பச்சை, சிவப்பு என்று ஐந்து கலர் குடித்தேன். ஷார்ஜாவில் ஒருவர் வீட்டுக்குப் போனால் ஏசியைப் போடுவார்கள், அதோடு சரி. ஒவ்வொரு வீட்டிலும் கனி பாய் வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஜக்கரியா எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்களிடம் எல்லாம், “அவனுக்கென்ன, ஜம்முனு இருக்கான். வரவே மாட்டேங்கறான்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

கேட்க வேண்டிய கேள்வியை நான் மூன்று தடவை ஆரம்பித்து மூன்று தடவையும் கலர் நன்றாக இருந்தது என்று முடித்தேன்.

வியாழக்கிழமை அரியலூர். எங்கள் கேம்பில் கலியபெருமாள் என்று ஒரு கொத்தனார். அரியலூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கிராமம் அவனுக்கு. அவன் பார்சல்தான் பாக்கி. பஸ்ஸுக்கு நிற்கும்போது கனி பாய் சைக்கிளோடு வந்து நின்றார். பஸ் வந்ததும் சைக்கிளைத் தூக்கி மேலே ஏற்றிக் கயிற்றால் கட்டினார். கூரையில் ஏற்கெனவே நான்கு மூட்டை சின்ன வெங்காயமும் ஒரு வண்டிச் சக்கரமும் இருந்தன.

“சைக்கிள் எதுக்கு அத்தா? அரியலூர்ல ஆட்டோ இருக்காதா?”

“இருக்கு. அந்தச் சத்தத்துல ஒரு வார்த்த பேச முடியுமா தம்பி?”

கண்டக்டர் அவருக்குப் பழக்கம் போல. “பாய், பேசாம சைக்கிளுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து உள்ள உக்கார வெச்சிருங்களேன்” என்றார். கனி பாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். வழியெல்லாம் பருத்தி பறித்த காடு, காய்ந்த மக்காச்சோளத் தட்டை. என் ஊரில் பச்சையைத் தவிர வேறு நிறம் தெரியாது. இங்கே கண்ணுக்கு எட்டுகிற வரை தட்டைத் தரையும் வானமும்தான். ஒரு திசையில் போகும் மனிதன் அரைமணி நேரம் கண்ணில் தெரிந்துகொண்டே இருக்கிறான்.

அரியலூரில் சிமென்ட் லாரி, சுண்ணாம்புக்கல் லாரி, அதன் பின்னால் இன்னொரு லாரி. வேப்பமரம்கூட மாவு பூசின மாதிரி இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தது. மற்ற சைக்கிள்காரர்கள் எல்லாம் வண்டியைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழைந்து போனார்கள். எனக்குக் குனிய வராது என்று கனி பாய்க்குப் புரிந்திருக்க வேண்டும், ரயில் போகிற வரை நின்றார். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் எனக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தந்தார். உப்பும் மிளகாய்த்தூளும் தடவின பிஞ்சு. அவர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. இனியும் கேட்காமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

லாரிப் பாதையைவிட்டு விலகியதும் சாலையில் ஆள் நடமாட்டம் குறைந்தது. கேரியரில் இருந்தபடியே அவர் முதுகைப் பார்த்து ஆரம்பித்தேன்.

“அத்தா, ஜக்கரியா ஒண்ணு கேட்கச் சொன்னான். அக்ரிமென்ட் முடியுது. கையெழுத்துப் போட்டா இன்னும் மூணு வருஷம். அவனுக்கு வந்துரணும்னு இருக்கு. கேன்சல்ல. நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் செய்வான். நாளைக்கு போன்ல நான் சொல்லணும்.”

அவர் முதுகில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. பெடல் மட்டும் கிறீச் கிறீச் என்றது. ஒரு டிராக்டர் எங்களைத் தாண்டிப் போனது. அது கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் மேடு வந்துவிட்டது. பெரிய ஏற்றம் ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் அதற்கு ஏற்றம் என்று பேரே வைக்க மாட்டார்கள். ஆனால் கனி பாய் சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதிப்பதைப் பார்த்ததும் என் கால் தானாகவே வேலை செய்தது. சத்தம் போடாமல் குதித்து இறங்கிவிட்டேன்.

தட்டைத் தரை ஊர்க்காரர்களுக்கு இந்த முறை தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். உச்சியில் நிற்பார் என்று நினைத்தேன். ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து ஆட்டினார், முகத்தைத் துடைத்தார். மேட்டில் சில ஆடுகள் குறுக்கே வந்ததால் மெதுவாக வளைந்து வளைந்து ஓட்டினார். அப்புறம் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிக் காணாமல் போனார். “அத்தா, அத்தா” என்று கத்திக்கொண்டு, அளவு பத்தாத ரப்பர் செருப்பில் நான் ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஆடுகளுக்குச் சொந்தக்காரப் பெண் சாலையோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும், தோளில் தொரட்டிக்கம்பு. நான் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நீங்கதான் அந்த பாய் பின்னாடி வந்தவுங்களா? நானும் யார்கிட்டடா பேசிக்கிட்டுப் போறாருன்னு எட்டி எட்டிப் பாக்கறேன், பின்னாடி ஆளே இல்ல. வெயிலு மண்டைல ஏறிருச்சு போலன்னு நெனச்சேன்.”

“என்ன பேசினார்?”

“‘வரச் சொல்லுங்க தம்பி’ன்னாரு. ‘நான் எட்டு மாசம் இருக்க முடியாம ஓடியாந்தவன், அவன் ஆறு வருசம் இருந்துட்டான், போதும்’னாரு. ‘ஊரு எனக்குப் பேரு வெச்சுச்சு, நான் செத்தா போயிட்டேன், அவனுக்கும் வெக்கட்டும், எனக்கு எம்புள்ளையப் பாக்கணும்’னாரு. அப்பறம் கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. ஆடு மறிச்சதால நானும் கூடவே நடந்தேன், என்னை அவரு பாக்கவே இல்ல. யாருங்க, மவனா?”

“மகன்தான்.”

“அப்ப வரச் சொல்லிருங்க” என்றுவிட்டு அவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. வேலை முடிந்தது, பதில் கிடைத்துவிட்டது, சுபம் என்று நினைத்துக்கொண்டு மேட்டின் உச்சியில் நின்றேன். தூரத்தில் கனி பாய் தொப்பி பறக்கிற வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் வந்து குதித்தவர் முகத்தில் ரத்தம் இல்லை.

“தம்பி. கல்லுக்குழில எங்கயாச்சும் வுழுந்துட்டீங்களோன்னு என் உசிரே போயிருச்சு. எறங்குனா சொல்லிட்டு எறங்கறதில்லையா?”

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, “எங்க எறங்குனீங்க?” என்றார்.

“மேடு ஆரம்பிக்கும்போதே.”

“ஆரம்பத்துலயேவா?”

“ஆமா. நீங்க ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு. என்ன சொன்னீங்க அத்தா?”

அவர் குனிந்து செயினைச் சரிபார்த்தார். செயினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“இருக்கச் சொல்லுங்க” என்றார். “மூணு வருசந்தான, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ஓடிரும். கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த அம்மா சொன்னதை அங்கேயே போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் வெயிலில், அவ்வளவு பயந்துபோய் வந்து நிற்கிற மனுஷனிடம், நீங்கள் அழுதது எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? சரி என்று மட்டும் சொன்னேன்.

கலியபெருமாள் வீட்டில் எங்களைப் பார்த்ததும் ஒரே சிரிப்பு. என்ன என்று கேட்டேன். கனி பாய் முதல் தடவை வாசலில் சைக்கிளை நிறுத்தி, “கலியபெருமாள் கூட்டாளி ஷார்ஜாலேர்ந்து வந்துருக்காரு, பாருங்க” என்று காலிக் கேரியரைக் காட்டியிருக்கிறார். கலியபெருமாளின் மனைவி, “அண்ணன் இப்ப கண்ணுக்குத் தெரியறீங்க. மொத தடவ காத்தா வந்தீங்க” என்றார். கலருக்குப் பதிலாக அங்கே கம்பங்கூழ் கொடுத்தார்கள். மோர் ஊற்றிக் கரைத்த கூழும் உரித்த சின்ன வெங்காயமும் வறுத்த மோர்மிளகாயும். அந்த வெயிலுக்கு அதைவிட ஒன்று வேண்டாம். எல்லோரும் சிரித்தார்கள், கனி பாயும் சிரித்தார். கூழைத்தான் குடிக்கவில்லை, சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அந்த மேட்டில் நான் இறங்கவில்லை. இறங்கட்டுமா என்றும் கேட்கவில்லை. அவரும் எழுந்து நின்று மிதித்தார், மூச்சு வாங்கியது, நிறுத்தவில்லை.

அன்று சாயந்தரம் ஜக்கரியாவின் மனைவி பரீதா இடியாப்பம் கொண்டுவந்து வைத்தாள். அதுவரை கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே பேசியவள். மாமனார் வெளியே போய்விட்டாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“மாமா என்ன சொன்னாங்கண்ணே? ஷார்ஜாலேர்ந்து அவுங்க எனக்கு லெட்டர்ல எழுதிருந்தாங்க, உங்ககிட்ட சொல்லி அனுப்புறேன்னு.”

“உனக்கு என்ன தோணுது?”

“என்னை யாரும் கேக்கலையே.”

“நான் கேக்கறேன், சொல்லும்மா.”

“வரச் சொல்லுங்க” என்றாள், சட்டென்று. “கல்யாணத்துக்கப்பறம் அவுங்க கொரல போன்லதான் கேட்டுருக்கேன். அதுவும் பூத்துல, பத்துப் பேரு நடுவுல. நல்லாருக்கீங்களா, சாப்ட்டீங்களா, இத்தோட சரி.” தட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த இடியாப்பம் எனக்கு இறங்கவில்லை. ஒருவருக்கு ஒரு வார்த்தை கொண்டுபோய்ச் சேர்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால் நான் ஷார்ஜாவிலேயே முடியாது என்று சொல்லியிருப்பேன். ஜக்கரியாவுக்கு வேண்டியது அத்தாவின் வார்த்தை. அத்தாவிடம் இரண்டு வார்த்தை இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பிரியாணி. அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுத எனக்கு ஆசைதான், ஆனால் அன்று என்ன சாப்பிட்டேன் என்றே நினைவில் இல்லை. இரண்டே முக்காலுக்குக் கனி பாய் சைக்கிளை எடுத்தார். நூறடி தூரத்தில் இருக்கிற பூத்துக்கு.

வெள்ளிக்கிழமை அங்கே லீவு, இங்கே பூத்தில் கூட்டம். பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், வாசலில் பெரியவர்கள். போன் அடித்தால் பூத்துக்காரர் எடுத்து, ஆளின் பெயரையும் நாட்டின் பெயரையும் சத்தமாகச் சொல்வார். ஒரு பெண் உள்ளே போய், நல்லாருக்கேன், நல்லாருக்கேன் என்று நான்கு தடவை சொல்லிவிட்டு வெளியே வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். கதவு கண்ணாடிதான், சரியாக மூடவும் மூடாது. உள்ளே பேசுவது ஒரு எழுத்து விடாமல் வெளியே கேட்டது.

மூன்று பத்துக்கு பூத்துக்காரர் நிமிர்ந்தார். “கேன்சல் வூட்டுக்கு, ஷார்ஜா.”

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பழகின பெயர். நான் உள்ளே போய் ரிசீவரை எடுத்தேன். கனி பாய் கதவைப் பிடித்துக்கொண்டு பாதி உள்ளே, பாதி வெளியே நின்றார்.

“அண்ணே, நல்லாருக்கீங்களா? அத்தா என்ன சொன்னாரு?”

நான் கனி பாயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, இருக்கச் சொல்லுங்க என்கிற மாதிரி தலையை அசைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“ரெண்டு பதில் சொன்னாருடே” என்றேன். “எனக்கு நேரா சொன்னது ஒண்ணு. நான் சைக்கிள்ல இருந்து இறங்கினது தெரியாம, கேரியருக்குச் சொன்னது ஒண்ணு. உனக்கு எது வேணும்?”

கனி பாயின் கை கதவிலிருந்து நழுவியது.

“யாரு சொன்னா உங்களுக்கு?”

“ஆடு மேய்ச்ச அம்மா கூடவே நடந்தாங்க அத்தா. முழுசா கேட்டாங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கதவு தானாகச் சாத்திக்கொள்ளப் பார்த்தது, அதைக் காலால் தடுத்தார். அப்புறம் கையை நீட்டினார். ரிசீவரைக் கொடுத்தேன்.

“ஜக்கரியா, அத்தா பேசறேன். நல்லாருக்கேன்ப்பா, எல்லாம் நல்லாருக்கோம்.” ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். “தம்பி பின்னாடி இருக்காருன்னு நெனச்சுத்தான்டா சொன்னேன். சொல்லச் சொல்ல வண்டி லேசாப் போச்சு. மனசுல இருந்தது எறங்கிருச்சு, அதான் லேசாயிருச்சுன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா ஆளக் காணும். அதுக்கப்பறம் இன்னொரு தடவ சொல்றதுக்கு எனக்குத் தெம்பு வரல.”

பூத்துக்காரர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எங்களைத்தான் பார்த்தார்கள். அதில் பினாங்கு கனியும் இருந்தாரோ மஸ்கட் கனியும் இருந்தாரோ, எனக்குத் தெரியாது. கனி பாய் அவர்களை ஒருமுறை பார்த்தார். கதவை மூடவில்லை.

“கையெழுத்துப் போடாத. கேன்சல் பண்ணிட்டு வந்துரு” என்றார். “ஆமா, கேன்சல்தான். சத்தமாத்தான் சொல்றேன், இங்க எல்லாரும் இருக்காங்க, கேக்கட்டும்.”

ரிசீவருக்குள்ளிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. பேச்சாக இல்லை. கனி பாய் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“அழுவாத. அழுவாதடா. எந்த பஸ்ல வருவேன்னு மட்டும் சொல்லு, நான் சைக்கிள எடுத்துக்கிட்டு வந்து நிக்கறேன்.”